டூல் உடைந்ததை மெஷினே கண்டுபிடிக்க: குன்னூர்ப் பட்டறையிலிருந்து கேள்வி பதில்

குன்னூரில் எங்களுடையது சின்னப் பட்டறை. ஒரு வி.எம்.சி. (கம்ப்யூட்டர் ஓட்டும் மில்லிங் மெஷின்), ஒரு சி.என்.சி. லேத் (கம்ப்யூட்டர் ஓட்டும் கடைசல் மெஷின்), மூன்று பேர். சுற்றுவட்டாரத் தேயிலை ஃபேக்டரிகளுக்கு பேரிங் ஹவுசிங், கப்ளிங், ஃபிளேஞ்ச், அவசரத்துக்கு ஷாஃப்ட் என்று வண்டி ஓடுகிறது. இரண்டு வருடத்துக்கு முன்பு வி.எம்.சி.யில் டூல் செட்டர் புரோப் (டூலின் நீளத்தைத் தொட்டுப் பார்த்துச் சொல்லும் கருவி) மாட்டினோம். அதிலிருந்து கோத்தகிரி, கூடலூர் பக்கம் பட்டறை வைத்திருக்கும் நண்பர்கள் போனில் கேட்பதெல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துப்போய் எழுதி வைத்துவிட்டேன். எங்கள் கண்ட்ரோல், அதாவது மெஷினை ஓட்டும் கம்ப்யூட்டர், ஃபானுக் 0ஐ வரிசை. வேறு கண்ட்ரோல் என்றால் எண்கள் மாறும், சங்கதி மாறாது.

டூல் உடைந்தால் சத்தத்திலேயே தெரிந்துவிடுமே, இதற்குத் தனியாக ஒரு கருவி எதற்கு?

16 மி.மீ. எண்ட்மில் (பக்கவாட்டிலும் வெட்டும் கட்டர்) உடைந்தால் பக்கத்து வீட்டுக்கே கேட்கும். 4.2 மி.மீ. ட்ரில் உடைவது அப்படியில்லை. கதவு மூடியிருக்கிறது, கூலன்ட் (வெட்டும் இடத்தைக் குளிர்விக்கும் திரவம்) பீய்ச்சி அடிக்கிறது, பக்கத்தில் கம்ப்ரஸர் ஓடுகிறது. உங்களுக்கும் தெரியாது, மெஷினுக்கும் தெரியாது. அது பாட்டுக்கு அடுத்த துளைக்குப் போய், முனையில்லாத தண்டோடு இறங்கி ஏறிக்கொண்டிருக்கும்.

எங்களுக்கு நடந்தது இது. எஸ்.எஸ். 304 (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஃபிளேஞ்ச், எட்டு எம்5 டேப், அதாவது ட்ரில் போட்ட துளைக்குள் மரை வெட்டுவது. இந்த எஸ்.எஸ். இருக்கிறதே, ட்ரில் கொஞ்சம் மழுங்கி வெட்டாமல் தேய்த்தால் போதும், அந்த இடம் இறுகிப்போய் இன்னும் கடினமாகிவிடும். மூன்றாவது துளையில் ட்ரில் உடைந்து துண்டு உள்ளேயே நின்றுவிட்டது. மிச்ச ஐந்து துளையும் வெறும் பாவனைதான். அப்புறம் டேப் வந்தது. முதல் இரண்டு துளையில் ஒழுங்காக அடித்தது, மூன்றாவதில் அந்தத் துண்டின் மேல் இடித்து உடைந்தது. மரை ஏறிய டேப் துண்டும் அதற்கடியில் ட்ரில் துண்டும் சேர்ந்து உட்கார்ந்திருக்க, எங்களிடம் அதை எடுக்க வழியில்லை. மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுக்கும் ஸ்பார்க் ஈரோஷனுக்காகக் கோவைக்குப் பஸ் பார்சலில் அனுப்பினோம். போய் வர மூன்று நாள். அந்த மூன்று நாளும் அங்கே ஃபேக்டரியில் மெஷின் நின்றது.

இதில் ட்ரில்லின் விலை ஒரு பொருட்டே இல்லை. புரோப் இருந்திருந்தாலும் அந்த ட்ரில் உடைந்துதான் இருக்கும். ஆனால் டேப்பும் ஜாப்பும் (வெட்டிக்கொண்டிருந்த பொருள்) மூன்று நாளும் தப்பியிருக்கும். உடைந்த டூலை எந்தக் கருவியும் காப்பாற்றாது. அதற்கு அடுத்து வரும் டூலைக் காப்பாற்றத்தான் இது. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

என்னென்ன வகை இருக்கிறது?

முதலாவது தொடு புரோப். மேஜையின் ஓரத்தில் நிற்கும். தலையில் தட்டையான ஸ்டைலஸ் (தொடும் முனை). டூல் வந்து அதைத் தொட்டதும் சிக்னல் போகும். நீளம் எடுக்கவும் அதுவே, உடைந்ததா என்று பார்க்கவும் அதுவே. ஒரு மி.மீ.க்குக் கீழே உள்ள ட்ரில்லை இதில் தொட வைத்தால் சோதனையிலேயே உடையலாம்.

இரண்டாவது லேசர். ஒரு பக்கம் ஒளி கிளம்பும், எதிர்ப்பக்கம் வாங்கிக்கொள்ளும். நடுவில் டூல் வந்தால் ஒளி மறையும். டூல் சுற்றிக்கொண்டே இருக்கலாம், எதையும் தொடத் தேவையில்லை. மிகச் சின்ன டூலுக்கு இதுதான். ஒரே தலையில் ஒளியை அனுப்பி, சுற்றும் டூலில் பட்டுத் திரும்புவதைப் பார்த்துச் சொல்லும் வகையும் உண்டு. அது நீளத்தை அளக்காது, டூல் இருக்கிறதா இல்லையா என்பதோடு சரி. ரெனிஷா, ப்ளூம் போன்றவர்கள் தொடு புரோப், லேசர் இரண்டுமே செய்கிறார்கள்.

மூன்றாவது ஊசி. டூல்களை அடுக்கி வைத்திருக்கும் மேகசினுக்குப் பக்கத்தில் மாட்டுவார்கள். மெல்லிய ஊசி ஒன்று ஆடி வந்து, டூல் இருக்க வேண்டிய இடத்தில் தட்டுப்படுகிறதா என்று பார்க்கும். தட்டுப்படாமல் கடந்து போனால் டூல் போச்சு. மெஷின் வேறு டூலில் வெட்டிக்கொண்டிருக்கும்போதே இது வேலையை முடித்துவிடும், சைக்கிள் டைம் ஏறாது. (1949-லிருந்து கேத்தியில் ஊசி ஃபேக்டரி இருக்கிற மாவட்டத்தில் இந்த வகையை ஒரு பட்டறையிலும் நான் பார்த்ததில்லை.)

நான்காவது, எதையும் மாட்டாமல் ஸ்பிண்டில் (டூலைச் சுற்றும் தண்டு) லோடைக் கவனிப்பது. அதற்குத் தனிக் கேள்வியே வந்திருக்கிறது.

எங்களைப் போன்ற பட்டறைக்கு எது?

தொடு புரோப். யோசிக்கவே வேண்டாம். நாம் போடும் ட்ரில் எல்லாம் 3 மி.மீ.க்கு மேல்தான். லேசருக்குச் சுத்தமான காய்ந்த காற்று இருபத்து நாலு மணி நேரமும் வேண்டும், அது இந்த ஊர் ஈரத்தில் தனிச் செலவு. நாளைக்கு 1 மி.மீ. துளை போடும் ஆர்டர் வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

அண்ணே, கண்ட்ரோலிலேயே லோடு மீட்டர் இருக்கே, அது போதாதா?

பெரிய டூலுக்கு நன்றாகவே உதவும். முதல் ஜாப்பில் வரும் லோடைக் குறித்துக்கொண்டு மேலே ஒரு எல்லை, கீழே ஒரு எல்லை வைக்க வேண்டும். மேல் எல்லையைத் தாண்டினால் டூல் மழுங்கிவிட்டது அல்லது எங்கோ இடிக்கிறது. கீழ் எல்லைக்கும் கீழே போனால் டூல் எதையும் வெட்டவில்லை, அதாவது உடைந்துவிட்டது. 50 மி.மீ. ஃபேஸ்மில்லுக்கும் லேத்தில் ரஃபிங்குக்கும் இது போதும். உடைந்த பிறகு பார்க்கும் புரோப் போலில்லாமல், வெட்டும்போதே தெரிந்துவிடுவது இதில் லாபம்.

4.2 ட்ரில்லுக்கு ஆகாது. 11 கிலோவாட் ஸ்பிண்டிலில் அந்த ட்ரில் ஏற்றும் லோடு ஒன்றிரண்டு சதவீதம்தான். சும்மா சுற்றும்போதே மீட்டர் அவ்வளவு ஆடும்.

நம் ஊருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. மார்கழி, தை மாதம் காலையில் மெஷினை ஆன் செய்தால் ஸ்பிண்டில் பேரிங்கின் கிரீஸ் இறுகிக் கிடக்கும். முதல் அரை மணி நேரம் சும்மா சுற்றவே அதிக லோடு காட்டும். மத்தியானம் எடுத்த அளவை வைத்து எல்லை போட்டால் காலையில் வீண் அலாரம், காலையில் எடுத்ததை வைத்துப் போட்டால் மத்தியானம் உடைந்தாலும் தெரியாது. பதினைந்து இருபது நிமிடம் வார்ம் அப் ஓட்டிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். அத்துடன், மோட்டாரை ஓட்டும் பல டிரைவ்களின் கையேட்டில் கடல் மட்டத்திலிருந்து 1000 மீட்டர் உயரம் வரை என்று ஒரு வரி இருக்கும். குன்னூர் சுமார் 1850 மீட்டர். காற்று லேசாக இருப்பதால் சூடு இறங்குவது குறைவு. மேல் எல்லையை 100 சதவீதத்துக்கு ஒட்டி வைக்காதீர்கள்.

வயரிங்கில் எதைக் கவனிக்க வேண்டும்?

புரோப்பின் சிக்னல் கண்ட்ரோலின் ஸ்கிப் இன்புட்டுக்கு (தொட்டதைத் தெரிவிக்கும் இணைப்பு) போக வேண்டும். ஃபானுக்கில் வழக்கமாக அது எக்ஸ்4.7. மாட்டி முடித்ததும் டயக்னாஸ்டிக் பக்கத்தைத் திறந்து, ஸ்டைலஸை விரலால் மெல்லத் தள்ளிப் பாருங்கள். அந்த பிட் மாற வேண்டும். மாறவில்லை என்றால் ஒரு டூலையும் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள்.

சிக்னல் எந்தத் திசையில் மாறும் என்பது முக்கியம். தொடாதபோது சர்க்யூட் மூடியிருந்து, தொட்டதும் திறக்கும்படி இருப்பது நல்லது. அப்படியிருந்தால் கேபிள் அறுந்தால்கூட மெஷினுக்கு அது "தொட்டுவிட்டது" என்றே தெரியும், உடனே நின்றுவிடும். மாற்றிப் போட்டிருந்தால், கேபிள் அறுந்த நாளில் நீளம் எடுக்க இறங்கும் டூல் புரோப்பை நசுக்கிவிட்டுத்தான் ஓயும். கண்ட்ரோல் எதைத் தொடுதல் என்று எடுத்துக்கொள்வது என்பது 6200-ஆம் பாராமீட்டரின் ஒரு பிட்டில் இருக்கிறது. கேபிளைச் சிப் (வெட்டிய உலோகச் சீவல்) விழாத பக்கமாக, உலோகக் குழாய்க்குள் கொண்டுபோங்கள். எங்களிடம் முதல் மாதத்திலேயே சுருள் சிப் ஒன்று கேபிளை அறுத்தது.

புரோகிராம் எப்படி வேலை செய்கிறது?

எல்லாம் ஜி31 என்ற ஒரு கட்டளையில் இருக்கிறது. ஜி01 போலவே டூல் நேராக நகரும், ஆனால் ஸ்கிப் சிக்னல் வந்த நொடியில் நின்றுவிட்டு, மிச்ச தூரத்தை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போகும். சிக்னல் வந்தபோது இசட் (மேல் கீழ் அச்சு) எங்கே இருந்தது என்பது #5063 என்ற நினைவு இடத்தில் பதிவாகும். சிக்னல் வரவே இல்லை என்றால் அந்த நகர்வின் கடைசி இடம் அதில் இருக்கும்.

இதை வைத்து யோசியுங்கள். நல்ல டூல் தொட வேண்டிய உயரம் நமக்குத் தெரியும். ஸ்பிண்டிலை நிறுத்தி, கூலன்டை மூடி, டூலை ஸ்டைலஸுக்கு 10 மி.மீ. மேலே கொண்டுவந்து, அங்கிருந்து ஜி31-இல் இறக்க வேண்டும். இறங்கும் எல்லை, தொட வேண்டிய இடத்துக்கு 0.5 மி.மீ. கீழே. அதற்குள் தொடவில்லை என்றால் டூல் குட்டையாகிவிட்டது, உடைந்திருக்கிறது.

எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். அதிகம் பேர் இதை விட்டுவிடுகிறார்கள். எதிர்பார்த்த இடத்துக்கு அரை மி.மீ.க்கு மேலேயே தொட்டுவிட்டால் டூல் நீண்டிருக்கிறது. டூல் வளராது. ஒன்று, முனையில் சிப் ஒட்டியிருக்கும். அல்லது ட்ரில் அதைப் பிடித்திருக்கும் கோலெட்டிலிருந்து நழுவிக் கீழே இறங்கியிருக்கும். இரண்டாவது நிஜமான ஆபத்து. அடுத்த ஜாப்பில் துளை ஆழமாகி அடிப்பக்கம் வந்துவிடும்.

செய்யக்கூடாதவை சில. டூல் ஆரம் ஈடுசெய்யும் ஜி41, ஜி42 இயங்கும்போது ஜி31 போட்டால் அலாரம் வரும், முதலில் ஜி40 போட்டு அதை நிறுத்துங்கள். புரோப்பை நோக்கிக் கடைசிவரை ஜி00-வில் (முழு வேக நகர்வு) இறங்காதீர்கள். ஆஃப்செட்டில் (கண்ட்ரோலில் பதிந்த டூல் நீளம்) யாராவது ஒரு இலக்கத்தைத் தப்பாக அடித்திருந்தால் அன்றோடு புரோப் காலி. நெருங்கி வருவதையும் ஜி31-லேயே செய்தால் வழியில் இடித்தாலும் நின்றுவிடும். பெரிய கட்டரில் நடுவில் ஒன்றும் இருக்காது, இன்செர்ட் (வெட்டும் துண்டு) ஓரத்தில்தான் இருக்கும். ஆரத்துக்கு ஏற்ப தள்ளி வைத்து, ஸ்பிண்டிலை எம்19-இல் ஒரே கோணத்தில் நிறுத்தித்தான் தொட வேண்டும்.

புரோப் விற்பவர்களே மேக்ரோக்களும் (இதற்கென்று எழுதிய சின்ன புரோகிராம்கள்) தருவார்கள். அதையே போடுங்கள். நான் இவ்வளவு சொன்னது, அது தப்பாக நடக்கும்போது எங்கே கை வைப்பது என்று தெரிய வேண்டும் என்பதற்காக.

அரை மி.மீ. ரொம்ப அதிகமாகத் தெரிகிறதே?

உடைந்த ட்ரில் அரை மி.மீ. குறையாது, ஐந்து பத்து மி.மீ. போய்விடும். 0.05 என்று வைத்தால், ஸ்பிண்டில் சூட்டில் நீள்வதும் துளி கூலன்டும்கூட அலாரமாகும். தேய்மானத்தை இதிலேயே பிடிக்கலாம் என்று ஆசைப்படாதீர்கள், அது வேறு வேலை.

எல்லா டூலுக்கும் போடலாமா?

கணக்குப் பாருங்கள். ஒரு சோதனைக்கு எங்கள் மெஷினில் போய் வர 6 வினாடி. ஒரு ஜாப்பில் 12 டூல் என்றால் 72 வினாடி. ஒரு நாளைக்கு 50 ஜாப் என்றால் ஒரு மணி நேரம் முழுசாகப் போய்விடும். இரண்டு டூலுக்கு மட்டும் போட்டால் 10 நிமிடம்.

எந்த இரண்டு? அடுத்த டூலைக் கொல்லக்கூடியவை. டேப்புக்கு முன் வரும் ட்ரில், ரீமருக்கு (துளையைச் சரியான அளவுக்குக் கொண்டுவரும் டூல்) முன் வரும் ட்ரில். வேலை முடிந்ததும், மேகசினுக்குத் திரும்பும் முன் பார்த்துவிட வேண்டும். சிலர் டூலை எடுத்ததும் வெட்டும் முன் பார்க்கிறார்கள். அது போன ஜாப்பில் உடைந்ததை இந்த ஜாப்பில் கண்டுபிடிப்பது; டேப் ஏற்கெனவே போயிருக்கும். ஒரே ஃபிக்ஸ்சரில் பத்து ஜாப் மாட்டி, பத்துக்கும் ட்ரில் போட்டுவிட்டு டேப்புக்குப் போவதாக இருந்தால், விலையான ஜாப்பாக இருந்தால் நடுவில் ஒருமுறை கூடுதலாகப் பார்ப்பேன். சென்டர் ட்ரில், சேம்ஃபர், ஃபேஸ்மில் எதற்கும் போடுவதில்லை.

உடைந்தது என்று தெரிந்ததும் மெஷின் என்ன செய்ய வேண்டும்?

நிற்க வேண்டும். எப்படி நிற்க வேண்டும் என்பதில்தான் விஷயம். மேக்ரோவில் #3006 என்று போட்டால் செய்தியைக் காட்டி நிற்கும், சைக்கிள் ஸ்டார்ட் அமுக்கினால் தொடர்ந்து ஓடும். #3000 என்று போட்டால் அலாரம், ரீசெட் செய்யாமல் நகராது. எங்களிடம் முதலில் #3006 இருந்தது. திரையைப் படிக்காமலே பச்சைப் பட்டனை அமுக்குவது எல்லா ஆபரேட்டர் கைக்கும் பழகிப்போன ஒன்று, என் கைக்கும்தான். இரண்டாவது வாரமே ஒரு டேப் போனது. அன்றைக்கே #3000-க்கு மாற்றினேன்.

ஒரே மாதிரி ட்ரில் இரண்டு மாட்டி, ஒன்று உடைந்தால் மெஷினே அடுத்ததை எடுத்து ஓட்டும்படியும் செய்யலாம். ஆளில்லாத ராத்திரி ஷிஃப்டுக்கு அது சரி. ஆனால் உடைந்த துண்டு துளைக்குள்தானே இருக்கிறது? புது ட்ரில்லும் அதன் மேலேயே போய் நிற்கும். அந்த ஜாப்பை ஒதுக்கிவிட்டு அடுத்த ஜாப்புக்குப் போகும்படி எழுதத் தெரிந்தவர்கள் செய்யுங்கள். நாங்கள் ஆறு மணிக்குக் கதவைச் சாத்திவிடுகிறோம்.

கரன்ட் போய் வந்தபிறகு எல்லா டூலும் உடைந்ததாகச் சொல்கிறது. ஏன்?

இந்தக் கேள்வி மழைக்காலத்தில் மட்டும் வரும். டூல்களின் சரியான அளவை நீங்களே எழுதிய மேக்ரோவில் #100-லிருந்து #199 வரையிலான எண்களில் வைத்திருப்பீர்கள். கரன்ட் போனால் அவை அழிந்துவிடும். அழிந்த இடத்தைக் கழித்தல் கணக்கில் கண்ட்ரோல் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும், வித்தியாசம் எக்கச்சக்கமாக வரும், எல்லா டூலும் "உடைந்தது". #500-லிருந்து மேலே உள்ளவை கரன்ட் போனாலும் நிற்கும், அங்கே மாற்றிவிடுங்கள். அல்லது டூல் ஆஃப்செட்டிலிருந்தே நீளத்தை எடுங்கள்.

வெட்டிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனால், ஜாப்புக்குள் இருந்த டூல் அப்படியே நின்றிருக்கும். திரும்ப வந்ததும் அதை முதலில் வெளியே எடுத்து, புரோப்பில் ஒருமுறை பார்த்துவிட்டே தொடருங்கள். மரம் விழுந்து லைன் அறுந்தால் இங்கே அரை நாள்கூட ஆகும், அவசரப்பட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை.

வீண் அலாரம் தாங்க முடியவில்லை. சோதனையை எடுத்துவிடலாமா என்று பார்க்கிறோம்.

எடுப்பதற்கு முன் கீழே உள்ளவற்றைப் பாருங்கள். பத்தில் ஒன்பது சிப்தான். ட்ரில்லில் சுற்றிக்கொண்ட சுருள் ஸ்டைலஸைத் தட்டும், அல்லது ஸ்டைலஸ் மேலேயே ஒரு துண்டு உட்கார்ந்திருக்கும். சோதனைக்கு முன் இரண்டு வினாடி ஏர் ப்ளோ அடிக்கும்படி வைத்தோம், பாதித் தொல்லை போனது. கூலன்ட் பிசுபிசுப்பாகி ஸ்டைலஸில் காய்ந்திருந்தால் துடைக்க வேண்டும். தேயிலை ஃபேக்டரிக்குள்ளேயே பட்டறை வைத்திருப்பவர்கள் தினமும் துடைக்க வேண்டும். சலிக்கும் இடத்திலிருந்து பறந்து வரும் பஞ்சு போன்ற தூள் எண்ணெய்ப் பசையோடு சேர்ந்தால் கம்பளிபோல் ஒட்டிக்கொள்ளும்.

அடுத்தது ஈரம். கூடலூர் பக்கம் ஜூன், ஜூலை. எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகை. மேகம் பட்டறைக்குள்ளேயே வந்து நிற்கிற நாட்களில் கம்ப்ரஸர் உறிஞ்சுவது பாதி தண்ணீர்தான். டேங்கை வடிக்காவிட்டால் ஏர் ப்ளோ என்ற பெயரில் தண்ணீர் தெளிக்கும். லேசர் வைத்திருப்பவர்களுக்கு அது கண்ணாடியில் படிந்து, டூல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒளி மறைந்தே இருக்கும். காலையும் மாலையும் டேங்க் வடியுங்கள். முடிந்தால் ஏர் டிரையர் ஒன்று.

இவ்வளவும் செய்து, அலாரம் எதனால் வந்தது என்று ஒரு மாதம் நோட்டில் எழுதுங்கள். வீண் அலாரம் வரும் சோதனையை ஆபரேட்டர் என்றைக்காவது ஒருநாள் சத்தமில்லாமல் புரோகிராமில் மூடிவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இருக்கிறது என்று நாம் நம்பிக்கொண்டிருப்போம், அது இருக்காது.

டேப்பில் பல் உடைந்தால், இன்செர்ட் ஓரம் சிதைந்தால் தெரியுமா?

தெரியாது. நீளம் மாறவில்லை அல்லவா. டேப் அடித்த மரையில் கேஜ் (அளவு பார்க்கும் கருவி) போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

லேத்திலும் போடலாமா?

டூல் செட்டர் கை (புரோப்பைத் தாங்கும் கை) இருந்தால் அதிலேயே செய்யலாம். நாங்கள் போரிங் பாருக்கும் சின்ன ட்ரில்லுக்கும் மட்டும் செய்கிறோம். மற்றதற்கு லோடு போதும்.

பழைய மெஷின், ஸ்கிப் இன்புட்டே இல்லை. என்ன செய்வது?

முதலில் ஜி31-உம் மேக்ரோவும் கண்ட்ரோலில் திறந்திருக்கிறதா பாருங்கள். சில மெஷினில் இருக்கும், வயர் மட்டும் வந்திருக்காது. இல்லவே இல்லை என்றால் மெஷின் செய்த கம்பெனியிடம் சொல்லி, ஒரு எம் கோடுக்கு ஊசி வகையை இணைக்கச் சொல்லலாம். லேடரில் (மெஷினின் உள் லாஜிக் புரோகிராம்) நீங்களே கை வைக்காதீர்கள்.

ஸ்பேர் என்ன வாங்கி வைக்க வேண்டும்?

ஸ்டைலஸ் ஒன்று. இடித்தால் முறிவதற்கென்றே நடுவில் மெல்லிய ஒரு துண்டு சில புரோப்களில் இருக்கும், அது இரண்டு. பர்லியார் பக்கம் மண் சரிந்தால் வண்டியெல்லாம் கோத்தகிரி வழியாகச் சுற்றி வரும். அதுவும் அடைத்துவிட்டால் பார்சல் மேட்டுப்பாளையத்திலேயே கிடக்கும். ஸ்டைலஸ் மாற்றியதும் மறக்காமல் கேலிப்ரேஷன்.

சோதனை உண்மையிலேயே வேலை செய்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

திங்கட்கிழமை காலை, வார்ம் அப் முடிந்ததும், உடைந்த ட்ரில் ஒன்றை வேண்டுமென்றே ஓட்டிப் பார்க்கிறோம். அதற்கென்று ஒரு ஹோல்டர், சிவப்பு பெயிண்ட் அடித்தது. ஆஃப்செட்டில் முழு ட்ரில்லின் நீளத்தையே விட்டு வைத்திருக்கிறோம். அலாரம் வந்தால் அந்த வாரம் ஓட்டலாம். வராத திங்கட்கிழமை இதுவரை ஒன்று. கேபிள் கனெக்டருக்குள் தண்ணீர். அந்த ஹோல்டரில் இருப்பது அன்றைக்கு மூன்றாவது துளையில் உடைந்ததே, அந்த 4.2 ட்ரில்லின் மிச்சம்தான்.